டிக்கெட் இல்லாத தலை

பஸ்ஸில் ஏறியதும் அவள் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. கைகளைத்தான் பார்ப்பாள். டிக்கெட் வாங்கியவனின் கை சும்மா கிடக்கும். வாங்காதவனின் கை சட்டைப்பையைத் தடவும், ஜன்னல் கம்பியைச் சுரண்டும், அதுவரை திரும்பிக்கூடப் பார்க்காத பக்கத்து இருக்கைக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளும். அதற்குள் அவள் பின்படியிலிருந்து முன்படி வரை தலைகளை எண்ணி முடித்திருப்பாள். ஐம்பத்தொன்று. கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டோ நாற்பத்தொன்பது. மிச்சமிருக்கும் வேலை அந்த இரண்டு தலைகளைப் பிடிப்பதுதான்.

இருபத்தாறு வருட சர்வீஸ். முதல் ஆறு வருடம் கண்டக்டர், பிறகு செக்கிங். எந்த ரூட்டில் தப்பு நடந்தாலும் அடுத்த நிறுத்தத்தில் அவள் நிற்பாள். "கழுகுக்கு மூக்குல வேர்த்த மாதிரி வந்துடுறாங்கப்பா" என்று ஒரு கண்டக்டர் எரிச்சலில் சொன்னது டிப்போ முழுக்கப் பரவி, 'கழுகு' என்பதே அவள் பெயராகிவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. பட்டப்பெயர் இல்லாத அதிகாரிக்கு எவனும் பயப்படமாட்டான் என்பது அவள் கட்சி.

சொந்தபந்தம் என்றும் பார்க்கமாட்டாள். ஒரு தடவை அவள் கணவரின் அக்கா, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போனபிறகும் உட்கார்ந்திருந்தபோது, ஏறியது இவள்தான். "கண்ணசந்துட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க அண்ணி. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்று அபராதச் சீட்டைக் கிழித்து நீட்டினாள். பதினான்கு வருடமாக நாத்தனார் அந்தச் சீட்டைக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன் அதை எடுத்துக் காட்டிவிடுவார்.

வீட்டில் இந்த மூன்று பேர்தான். கணவர் வாட்ச் ரிப்பேர் செய்பவர். தெருவைப் பார்த்த முன்னறைதான் கடை. சமையலும் அவருடையது; கழுகின் கை பட்டால் பால்கூடக் கசக்கும் என்பது அக்கா தம்பி இருவரும் ஒத்துப்போகும் ஒரே விஷயம். நாத்தனாருக்குப் பின்னறை. நான்கு வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து வாக்கரை ஊன்றித்தான் நடப்பார்.

அவர் விழுந்த அந்த வாரம் பார்த்துத்தான் கழுகுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. வெளியூர் பஸ்களைச் சோதிக்கும் குழுவுக்கு அவளைப் பொறுப்பாளராகப் போடுகிறோம், வாரத்தில் ஐந்து நாள் வெளியூரில் தங்கவேண்டும், சம்மதமா என்று. எலும்பு முறிந்தவரை விட்டு எங்கே போவது? "முடியாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆறு வருடம் ஜூனியரான ஒருவர் அந்தக் குழுவின் ஜீப்பில் முன் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து போவதை நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அதே கடிதம் மறுபடி வந்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும். ரிட்டயராக மூன்று வருடம்தான் பாக்கி; இதை விட்டால் இன்னொன்று வராது.

"போ" என்றார் கணவர், கடிதத்தைப் படித்த அடுத்த நிமிடமே. "யோசிக்கவே யோசிக்காத. கையெழுத்துப் போடு."

அங்கேதான் அவளுக்கு இடித்தது. ஒரு குடை வாங்க மூன்று மழைக்காலம் யோசிப்பவர் அவர்.

இடித்தது அது ஒன்று மட்டுமில்லை. ஒரு மாதமாக மனிதர் சென்ட் போடுகிறார். கொஞ்சநஞ்சமில்லை, தெருமுனையில் திரும்பும்போதே வீடு வந்துவிட்டது என்று தெரியும். கல்யாணத்தன்றுகூட பவுடர் பூசாதவர். கடை அறை ஜன்னலுக்குப் புதுத் திரை வந்திருக்கிறது. "பழசு என்னாச்சு?" என்று கேட்டதற்கு "நைஞ்சு போச்சு" என்றார். பழைய திரை வாங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இதற்கெல்லாம் மேலே ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, வீடு முழுக்கத் தீயணைக்கும் ஸ்பிரிங்க்ளர் போடப்போவதாகச் சொன்னார்.

"அது ஓட்டல்லயும் ஆபீஸ்லயும்தானே போடுவாங்க?"

"வீட்டுக்கும் போடுறாங்க. அக்காவால ஓட முடியாதுல்ல."

"ஓட முடியாம நாலு வருஷமாச்சு. இப்பதான் ஞாபகம் வந்துச்சா?"

"எனக்கு எதுவும் தெரியாதும்மா" என்றார் நாத்தனார், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்பவரிடம் டிக்கெட் இருக்காது என்பது செக்கிங்கில் பாலபாடம். கழுகு அதைக் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை டூட்டி முடிந்து பின்வாசல் வழியாக வந்தாள். கடை அறையில் கணவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். குரல் தணிந்திருந்தது. "ஆமாமா, ஒரு தலை கூடுதலா இருக்கட்டும். இல்லல்ல, அது அவளுக்குத் தெரிய வேணாம். அவ டூட்டிக்குப் போனப்புறம் வந்தா நல்லது."

கழுகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் சமையலறைக்குப் போய் நின்றாள். சென்ட், புதுத் திரை, 'போ போ' என்று அனுப்பத் துடிக்கிற அவசரம், இப்போது கூடுதலாக ஒரு தலை. அதுவும் அவள் டூட்டிக்குப் போனபிறகு வரவேண்டிய தலை. ஐம்பத்தாறு வயதில் இது தேவையா இந்த மனிதருக்கு என்று தோன்றியது. அந்தத் தலை எப்படி இருக்கும் என்றும் தோன்றியது. அழவில்லை. புதனிலிருந்து சனி வரை நான்கு நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்தாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஃபிட்டர், குண்டானவர். டேப் இருந்தும் சாண் போட்டு அளப்பவர். இன்னொருவர் அவருடைய மச்சான், ஒல்லி. கதவைத் திறந்தது கழுகு என்றதும் கணவரின் முகத்தில் டிக்கெட் தேடுகிற களை வந்தது.

"நீ டூட்டிக்குப் போகல?"

"லீவு. வீட்டுக்கு ஆள் வர்றப்ப வீட்டுக்காரி இருக்க வேணாமா?"

ஃபிட்டர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொண்டே சத்தமாகச் சொன்னார்: "ஹால்ல ரெண்டு தலை. பெட்ரூம்ல ஒண்ணு. பெரியம்மா ரூம்ல ஒண்ணு, சமையக்கட்டு ஒண்ணு, நடையில ஒண்ணு, சாமான் ரூம் ஒண்ணு, கடையில ஒண்ணு. மொத்தம் எட்டுத் தலை."

"என்ன தலை?" என்றாள் கழுகு.

"இதான் மேடம் தலை." பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். பித்தளையில் கட்டைவிரல் அளவு. மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி. மூடியைக் கழற்றியதும், நடுவில் சிவப்புத் தண்ணீர் அடைத்த ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி தெரிந்தது. "சூடு அறுபத்தெட்டு டிகிரி தாண்டுச்சுன்னா இந்தக் குப்பி வெடிச்சுடும். வெடிச்சா தண்ணி கொட்டும். சமையக்கட்டுக்கு மட்டும் பச்சைக் குப்பி. அது இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும்."

"ஒண்ணு வெடிச்சா எல்லாம் கொட்டுமா?"

"அது சினிமாலதான் மேடம். எதுக்குச் சூடு படுதோ அது மட்டும்தான் கொட்டும். உங்க வீட்டுல மூணு தலைதானே இருக்கு, எட்டை வச்சு என்ன பண்றதுன்னு பயப்படாதீங்க" என்று ஃபிட்டர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

போனில் கேட்ட தலை இதுதானா? ஒரு நிமிடம் கழுகுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் போய்விட்டது. சரி, பித்தளைத் தலை. அதை ஏன் மறைக்கவேண்டும்? பெண்ணை மறைப்பவனைப் புரிந்துகொள்ளலாம். குழாயை மறைப்பவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இரண்டு நாள் வீடு முழுக்கத் துளையிடும் சத்தம். பின்புறம் தனித் தொட்டியும் பம்பும் வந்தன. அங்கிருந்து கூரையடியில் ஆரஞ்சுக் குழாய் எல்லா அறைகளுக்கும் ஓடியது. கழுகு ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அறை அறையாக உட்கார்ந்து பார்த்தாள். பசை சரியாகத் தடவினார்களா, கிளிப் போட்டார்களா, குழாய் தொய்கிறதா என்று அவள் கேட்கக் கேட்க, மச்சான் போட்ட கிளிப்பையே கழற்றித் திரும்பப் போட்டார்.

"மேடம் எங்க வேலை பாக்குறாங்க?" என்று நாத்தனாரிடம் ரகசியமாகக் கேட்டார். நாத்தனார் கண்ணாடிக் கூட்டைத் திறந்து அபராதச் சீட்டை நீட்டினார்.

வியாழன் மாலை தலைகளை எல்லாம் முடுக்கியாயிற்று. வெள்ளையடிக்கும்போது குப்பியில் பெயிண்ட் படக்கூடாது என்பதால் ஆரஞ்சு மூடிகளை அப்படியே விட்டிருந்தார்கள். கழுகு சமையலறையில் தொடங்கி எண்ணிக்கொண்டே வந்தாள். கடை அறையில் முடிந்தது. ஒன்பது.

தாளில் எட்டு. கூரையில் ஒன்பது. அந்த ஒன்பதாவது, கணவர் வேலை செய்யும் மேசைக்கு நேர் மேலே, கூரையை ஒட்டிச் சுவரில் மாட்டியிருந்த பெரிய பெண்டுலக் கடிகாரத்தின் மறைவிலிருந்து எட்டிப்பார்த்தது.

கணவர் பால் வாங்கப் போயிருந்தார். கழுகு ஃபிட்டரைக் கூப்பிட்டு, பஸ்ஸில் பேசுகிற அதே சாதாரணக் குரலில் கேட்டாள்: "தம்பி, டிக்கெட் இல்லாம ஒரு தலை ஏறியிருக்கே?"

ஃபிட்டர் தாளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு கை தன்னால் போய்ச் சட்டைப்பையைத் தடவியது. கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா நிற்பதுதான் அவளுடைய தொழில் ரகசியம். எப்பேர்ப்பட்ட ஆளும் அந்தச் சும்மாவை அரை நிமிடத்துக்கு மேல் தாங்கமாட்டான்.

"சார்தான் கேட்டார் மேடம். மேசைக்கு மேலயே ஒண்ணு வேணும்னார். ஏற்கெனவே ஒருவாட்டி இங்க பத்திக்கிச்சுல்ல..." என்றவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"தெரியுமே" என்றாள் கழுகு. "நீங்க வேலையைப் பாருங்க."

புதுத் திரைக்கு விடை வந்துவிட்டது. சென்ட்டுக்கும் வந்த மாதிரிதான். கருகல் வாடையை மறைக்க அடித்திருக்கிறார். ஆனால் மறைப்பதற்கு ஒரு நாள் அடித்தால் போதும், இரண்டு நாள் போதும். ஒரு மாதமாக, அதுவும் மூச்சு முட்டுகிற அளவுக்கு ஏன் அடிக்கிறார்? கருகல் போய்விட்டதா இல்லையா என்று ஒருவருக்குத் தெரியாமல் போகுமா?

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். போன மாதம் அடுப்பில் பால் பொங்கி வழிந்து கரிந்தபோது, பக்கத்தில் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவர், இவள் ஹாலிலிருந்து கத்தியபிறகுதான் திரும்பினார். அன்றைக்குக் காதில் கோளாறு என்று நினைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கணவர் குளிக்கப் போன நேரத்தில் சென்ட் பாட்டிலைத் திறந்து, உள்ளே இருந்ததை வாஷ்பேசினில் கொட்டினாள். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள். மோந்து பார்த்தாள். குழாய்த் தண்ணீரை நிரப்பி மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து துணி மடிக்கத் தொடங்கினாள்.

அவர் வந்தார். தலை சீவினார். பாட்டிலை எடுத்துக் கழுத்தில் இரண்டு, நெஞ்சில் இரண்டு, கைக்கு ஒன்று என்று அடித்தார். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"இன்னிக்குக் கொஞ்சம் அதிகமாயிடுச்சோ?"

இருபது வருட செக்கிங்கில் பிடிபட்ட எந்தத் தலையையும் அவள் விட்டதில்லை. துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஆமா. தூக்கலாத்தான் இருக்கு."

சனிக்கிழமை வெள்ளையடிப்பு காய்ந்ததும் கடைசி வேலை. ஃபிட்டர் பின்புறம் சோதனைக் குழாயைத் திறந்தார். பம்பு ஓடியது, மணி கணீரென்று அடித்தது. "வேலை சுத்தம் மேடம். மூடியெல்லாம் கழட்டியாச்சு" என்று கையெழுத்துக்குத் தாளை நீட்டினார்.

கழுகு தாளை வாங்கவில்லை. கழற்றிய மூடிகளைப் போட்டு வாசலில் வைத்திருந்த வாளியைக் கவிழ்த்தாள். ஆரஞ்சு மூடிகளைத் தரையில் வரிசையாக வைத்தாள். எட்டு.

"ஒம்போது தலை. எட்டு மூடி."

"எங்கயாவது உருண்டிருக்கும் மேடம்."

"இருக்கும்" என்று சொல்லிவிட்டு நேராகக் கடை அறைக்குப் போனாள். கணவரின் மேசையில் பிரித்துப் போட்ட வாட்சுகள், குட்டித் திருகாணிகள், கிண்ணங்கள். கால் வைக்க இடமில்லை. அதை நகர்த்தப் பயந்துதான் யாரும் அங்கே ஏறியிருக்கவில்லை. அவள் முக்காலியைச் சுவரோரம் போட்டு ஏறி, பெண்டுலக் கடிகாரத்தைக் கழற்றிக் கணவரின் கையில் கொடுத்தாள். பின்னால் ஒன்பதாவது தலை, மூடி கழற்றாமல், பத்திரமாக இருந்தது. மூடி இருந்தால் சூடு சரியாகப் படாது, குப்பி நேரத்துக்கு வெடிக்காது, தண்ணீர் விழாது.

"மச்சான்!" என்று ஃபிட்டர் அலறினார்.

"நீங்க கழட்டினீங்கன்னு நெனச்சேன் மாமா."

"நானா? நான் அந்த முக்காலியில ஏறினா முக்காலி இருக்குமா?"

மச்சானே ஏறி மூடியைக் கழற்றினார். கழுகு அதை வாங்கிக்கொண்டு, தாளில் எட்டை அடித்து ஒன்பது என்று எழுதவைத்து, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள். அவர்கள் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

கணவர் இன்னும் கடிகாரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தார்.

"பாட்டில்ல இருந்தது தண்ணி" என்றாள் கழுகு. "நேத்துலேர்ந்து தண்ணியைத்தான் அடிச்சுக்கிட்டிருக்கீங்க."

அவர் கடிகாரத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மூக்கு எப்ப போச்சு?"

"காய்ச்சல்ல படுத்திருந்தேன்ல, அப்ப. ஏழு மாசம் இருக்கும். வந்துடும்னு டாக்டர் சொன்னாரு. வரல."

ஏழு மாதம். எந்த ரூட்டில் எவன் ஏறினாலும் மூக்கில் வேர்க்கிற கழுகுக்கு, சொந்த வீட்டில் ஏழு மாதமாக மூக்கு அறுபட்டிருக்கிறது. அதுதான் அவளுக்கு முதலில் வலித்தது. மற்றது பிறகு வலித்தது.

வாட்ச் பாகங்களைப் பெட்ரோலில் கழுவுவது அவர் வழக்கம். ஒரு மாதத்துக்கு முன் ஒருநாள் பாட்டில் மேசையடியில் சாய்ந்து கொட்டியிருக்கிறது. வாடை தெரியாமல் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்துவிட்டார். திரை பிடித்துக்கொண்டது. பின்னறையிலிருந்து கருகலை மோந்தவர் நாத்தனார். வாக்கரோடு வந்து குடிதண்ணீர்க் கூஜாவைத் தூக்கி அடித்தவரும் அவரே.

"கூஜா நெளிஞ்சு போச்சு" என்றார் நாத்தனார் நடையில் நின்றபடி. எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்கிட்ட மறைச்சிருக்கீங்க."

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?" என்று கேட்டார் கணவர்.

"முடியாதுன்னு எழுதிக் கொடுத்திருப்பேன்."

"அதான் சொல்லல. நாலு வருஷமா அந்த ஜீப் போறப்பல்லாம் நீ பாத்திரத்தை எப்படி விளக்குறன்னு எனக்குத் தெரியாதா? நான் இருந்தாலும் இல்லன்னாலும் வீட்டைக் காப்பாத்த ஒண்ணு வேணும்னுதான் இதைப் போட்டேன்."

கழுகு கையை விரித்தாள். உள்ளங்கையில் ஆரஞ்சு மூடி. "இதோடவா காப்பாத்தியிருக்கும்?"

அவர் மூடியைப் பார்த்தார். கை போய்ச் சட்டைப்பையைத் தடவியது.

ஞாயிற்றுக்கிழமை கழுகு உத்தரவு போட்டாள். பெட்ரோல் பாட்டில் கொல்லைப்புறத்து இரும்புப் பெட்டிக்குப் போனது. கழுவுவது அங்கேதான், வீட்டுக்குள் ஒரு சொட்டு வரக்கூடாது. ஸ்பிரிட் விளக்கையும் அங்கேயே வைத்துப் பூட்டினாள். அடுப்பில் எதை வைத்தாலும் அலாரம் வைக்கவேண்டும். வீட்டில் கடிகாரத்துக்குப் பஞ்சமில்லை. நாத்தனாரின் கட்டில் நடையை ஒட்டிய பக்கத்துக்கு நகர்ந்தது.

"மூக்கு இங்க ஒண்ணு இருக்கு" என்றார் நாத்தனார், கட்டில் நகர்வதைப் பார்த்துக்கொண்டே. "நடந்து வரத்தான் நேரமாகும். கத்துறதுக்கு ஆகாது."

"ஒத்திகை பாக்கலாம் அண்ணி." கழுகு அடுப்பில் ஒரு ரொட்டித் துண்டைக் கருகவிட்டாள். அலாரம் இல்லாமல் கணவரைக் கடை அறையில் உட்காரவைத்தாள். பதினோரு விநாடியில் பின்னறையிலிருந்து வந்த சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இரண்டாவது தடவை ஒன்பது விநாடி. மூன்றாவது தடவை ஒன்றையும் கருகவிடாமல் சும்மா நின்றாள். நாத்தனார் கத்தவில்லை. பொய் அலாரமும் இல்லை என்று உறுதியானபிறகுதான் அடுப்பை விட்டு நகர்ந்தாள்.

திங்கட்கிழமை காலை கையெழுத்துப் போட்டாள். "வெள்ளிக்கிழமை ராத்திரி வருவேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பின் முன் சீட்டில் ஏறினாள். கைப்பையில் சில்லறையோடு அந்த ஆரஞ்சு மூடியும் கிடந்தது.

வியாழக்கிழமை மதியம் தெருமுனையிலேயே ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். சென்ட் வாடை இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். இரும்புப் பெட்டி பூட்டியிருந்தது. சமையலறை மேடையில் மூன்று அலாரம் கடிகாரங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. கணவர் அடுப்பருகில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பால் பாத்திரத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கழுகு மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுப்பக்கம் ஒதுங்கி, அண்ணாந்து தலைகளை எண்ணத் தொடங்கினாள்.

பின்னறையிலிருந்து நாத்தனாரின் குரல், டிப்போ வாசலில் கண்டக்டர்கள் ஒருவருக்கொருவர் எச்சரிக்கை கொடுக்கிற அதே ராகத்தில், வீடதிர வந்தது:

"தம்பீ... பின்படியில செக்கிங் ஏறியாச்சு!"